பேரியாட்ரிக் அறுவைக்குப் பிறகு எடை திரும்ப ஏறுகிறதா? காரணம் கண்டுபிடிப்பதிலிருந்து கட்டுக்குள் கொண்டுவருவது வரை

எடை குறைக்கச் செய்யும் பேரியாட்ரிக் அறுவை, அதாவது இரைப்பையைக் குழாய்போல வெட்டிச் சுருக்கும் ஸ்லீவோ, அதைச் சின்னப் பையாக்கிக் குடலோடு இணைக்கும் பைபாஸோ, முடிந்து முதல் ஒன்றரை வருடம் எடை இறங்கிக்கொண்டே வரும். பிறகு நிற்கும். அதற்கடுத்த தீபாவளியோ கல்யாண சீசனோ கழிந்து தராசில் ஏறினால் இரண்டு கிலோ கூடியிருக்கும். பலர் தராசைக் கட்டிலுக்கு அடியில் தள்ளிவிடுவது இந்தக் கட்டத்தில்தான். இரண்டு கிலோவில் பிடித்தால் சாப்பாட்டை மாற்றியே சரிசெய்துவிடலாம். பன்னிரண்டு கிலோ ஆகிவிட்டால் ஊசி, எண்டோஸ்கோபி, மறு அறுவை என்று நீளும்.

"இரைப்பை விரிந்துவிட்டதா டாக்டர்?" என்பதுதான் வழக்கமான முதல் கேள்வி. சிலருக்கு விரிகிறது, உண்மைதான். ஆனால் விரியாதவர்களுக்கும் எடை ஏறுகிறது. அறுவை கட்டுப்படுத்துவது ஒரே மூச்சில் எவ்வளவு உள்ளே போகும் என்பதை. ஒரு நாளைக்கு எத்தனை முறை வாய் அசைகிறது, போன சாப்பாடு எவ்வளவு சீக்கிரம் கீழே இறங்குகிறது என்பவற்றின் மேல் அதற்கு அவ்வளவு பிடி இல்லை. எடை பெரும்பாலும் இந்த இரண்டு வழியாகத்தான் திரும்பி வருகிறது.

கீழே உள்ளவை அறுவை முடிந்து ஒரு வருடத்தைத் தாண்டியவர்களுக்கு. முதல் சில மாதங்களில் இருப்பவர்களும் கர்ப்பமாக இருப்பவர்களும் தங்கள் மருத்துவக் குழு கொடுத்த உணவுத் திட்டத்தையே பின்பற்ற வேண்டும்.

முதலில் இதைப் படியுங்கள்: காத்திருக்கக் கூடாத அறிகுறிகள்

இரண்டு மூன்று நாளாக விடாத வாந்தி, கருப்பு மலம், பைபாஸ் செய்தவர்களுக்குத் திடீரென்று வயிற்றை முறுக்கும் கடும் வலி. இவற்றில் எது இருந்தாலும் எடையைப் பற்றி அப்புறம் யோசிக்கலாம், உடனே மருத்துவமனைக்குப் போங்கள். தொடர் வாந்தியோடு நடை தள்ளாடினாலோ, பார்வை இரண்டாகத் தெரிந்தாலோ, பேச்சில் குழப்பம் வந்தாலோ அது தயமின் என்ற பி1 சத்துக் குறைவாக இருக்கலாம். அப்படிப் போகும்போது, "எனக்கு பேரியாட்ரிக் சர்ஜரி ஆகியிருக்கிறது, குளுக்கோஸ் டிரிப் போடுவதற்கு முன்னால் தயமின் கொடுங்கள்" என்று டியூட்டி டாக்டரிடம் வாய்விட்டுச் சொல்லுங்கள். தயமின் இல்லாமல் குளுக்கோஸ் மட்டும் ஏற்றினால் மூளைப் பாதிப்பு கூடும்.

இன்னொன்று. எடை கூடியிருக்கிறது, ஆனால் முகம் ஒடுங்கி, கை தசை கரைந்து, கால் மட்டும் வீங்கியிருக்கிறதா? கணுக்காலுக்கு மேல் எலும்பின் மீது கட்டைவிரலால் பத்து நொடி அழுத்திப் பாருங்கள். குழி விழுந்து அப்படியே நின்றால் ஏறியது கொழுப்பு அல்ல, நீர். புரோட்டீன் மிகவும் குறைந்தால் இப்படி வரும். சிறுகுடலை நீளமாகத் தாண்டிவிடும் மினி பைபாஸ் போன்ற அறுவைகளில் இதற்குக் கூடுதல் வாய்ப்பு. இவர்கள் சாப்பாட்டைக் குறைத்தால் நிலைமை மோசமாகும்.

படி 1: எவ்வளவு ஏறியிருக்கிறது என்று கணக்குப் போடுங்கள்

வாரத்துக்கு ஒரு நாள், காலையில் மலம், சிறுநீர் கழித்தபின், வெறும் வயிற்றில், அதே தராசு, அதே மாதிரி உடை. தினமும் பார்த்தால் உப்பும் நீரும் ஒரு கிலோ மேலே கீழே ஆட்டி மனதைக் கெடுக்கும். மாதவிடாய் வரும் பெண்கள் இந்த மாத இரண்டாம் வாரத்தைப் போன மாத இரண்டாம் வாரத்தோடுதான் ஒப்பிட வேண்டும்.

கணக்கு இது. அறுவையன்று 118 கிலோ, மிகக் குறைந்தபோது 78, இப்போது 88 என்று வைத்துக்கொள்வோம். குறைந்தது 40 கிலோ, திரும்ப வந்தது 10 கிலோ. பத்தை நாற்பதால் வகுத்தால், குறைத்ததில் 25 சதவீதம் திரும்பியிருக்கிறது.

மிகக் குறைந்த எடையிலேயே ஆயுள் முழுக்க நிற்பவர்கள் குறைவு. ஸ்வீடனில் 1987-இல் தொடங்கிய எஸ்.ஓ.எஸ். என்ற உடல்பருமன் ஆய்வில் பைபாஸ் செய்தவர்கள் முதல் ஓரிரு வருடத்தில் உடல் எடையில் சுமார் 32 சதவீதம் இழந்திருந்தார்கள். பத்தாம் ஆண்டில் அந்த இழப்பு 25 சதவீதத்தில் நின்றது. அதாவது கொஞ்சம் திரும்பியும் பெரும்பகுதி நிலைத்தது. ஆகவே குறைத்ததில் பத்து சதவீதம் வரை திரும்பினால் பதற வேண்டாம், கவனியுங்கள். பத்தைத் தாண்டினால் கீழே உள்ள படிகளை இந்த வாரமே தொடங்குங்கள். இருபதைத் தாண்டினால் படிகளையும் தொடங்கி, மருத்துவரிடம் நேரமும் வாங்குங்கள். எடை குறைவாகத்தான் ஏறியிருக்கிறது, ஆனால் சர்க்கரையோ ரத்த அழுத்தமோ குறட்டையோ திரும்பிவிட்டது என்றால் சதவீதம் பார்க்காமல் போய்விடுங்கள்.

படி 2: ஏழு நாள் நோட்டு

செயலியோ ஸ்கூல் நோட்டோ, எதுவானாலும் சரி. ஆனால் எழுத வேண்டியது உணவின் பெயர் மட்டும் அல்ல. நேரம், அளவு, சாப்பிட்டு முடிக்க ஆன நிமிடம், கூடவே குடித்தது, அப்போது பசித்ததா இல்லை சும்மா தோன்றியதா. இந்த ஐந்தும் வேண்டும். சமையலறைத் தராசு ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள். "ஒரு கரண்டி" என்பது வீட்டுக்கு வீடு மாறும்.

நோட்டில் விட்டுப்போவதுதான் பெரும்பாலும் குற்றவாளி. உப்புப் பார்க்க வாயில் போட்ட குழம்பு. பிள்ளை தட்டில் மிச்சம் வைத்த அரை தோசை, "வீணாகிவிடுமே" என்று. ஆபீஸில் யாரோ பிறந்தநாளுக்கு நீட்டிய ஒரு துண்டு. டிவி முன்னால் டப்பாவிலிருந்து நேராக எடுத்த மிக்சர்: ஒரு கைப்பிடி 30 கிராம், 150 கலோரிக்குக் குறையாது.

காபியைத் தனியாகக் கணக்குப் பாருங்கள். 100 மில்லி பாலும் இரண்டு ஸ்பூன் சர்க்கரையும் சேர்ந்த ஒரு டம்ளர் ஏறக்குறைய 100 கலோரி. நாலு டம்ளர் என்றால் 400. அறுவை ஆனவர் ஒரு நாள் முழுக்கச் சாப்பிடுவதே பலருக்கு 1,200 கலோரி அளவில்தான் இருக்கும். அதில் மூன்றில் ஒரு பங்கு காபியாகவே போகிறது. இதைக் கேட்டதும் சிலர் பாலை நிறுத்திக் கடுங்காப்பிக்குப் போவார்கள். நிறுத்த வேண்டியது சர்க்கரையை. அந்த நாலு டம்ளர் பாலில் 12 கிராம் புரோட்டீன் இருக்கிறது.

எண்ணெயை யாரும் எழுதுவதில்லை. அதற்கு வேறு கணக்கு. மாதம் வீட்டுக்கு எத்தனை லிட்டர் வாங்குகிறீர்கள், எத்தனை பேர் சாப்பிடுகிறீர்கள்? நாலு பேருக்கு நாலு லிட்டர் என்றால் தலைக்கு நாளுக்கு 33 மில்லி, அதாவது 270 கலோரிக்கு மேல். நீங்கள் மற்றவர்களைவிடக் குறைவாகச் சாப்பிடுவதால் உங்கள் பங்கு அதைவிடக் குறையும். ஆனாலும் அந்த நாலு லிட்டரை இரண்டரையாகக் குறைத்தால் வீட்டில் எல்லோருக்குமே நல்லது.

படி 3: உங்கள் எடை எந்த வழியாக ஏறுகிறது?

ஏழாம் நாள் நோட்டை எடுத்து வைத்துப் படியுங்கள். ஒன்றுக்கு மேற்பட்ட வழிகள் கலந்திருக்கலாம். எது பெரியது என்று பாருங்கள்.

கொறித்தல்: ஒரு நாளைக்கு ஐந்து முறைக்கு மேல் பதிவு, ஒவ்வொன்றும் சின்னது, பாதிக்கு மேல் பசியில்லாமல். ஸ்லீவ் செய்த இரைப்பை 100 முதல் 150 மில்லி அளவில் தொடங்குகிறது. அதில் ஒரு பிடி முறுக்கு எப்போதும் இடம் பிடிக்கும். இருபது நிமிடத்தில் அது இறங்கியதும் இன்னொரு பிடி.

வழுக்கும் உணவு: இது கொஞ்சம் விளக்கமாகவே பார்க்க வேண்டியது, ஏனென்றால் பத்தியம் என்று நாம் நினைக்கும் சாப்பாடே இதில் வருகிறது. கெட்டியான உணவை இரைப்பை ஒன்றிரண்டு மில்லிமீட்டர் துகளாக அரைத்த பிறகுதான் கீழ்வாசல் வழியே விடும். கோழித்துண்டு, சுண்டல், முட்டை எல்லாம் அதனால் நேரம் எடுக்கும், நிறைவு நிற்கும். குழைந்த தயிர்சாதம், சாம்பாரில் ஊறிய இட்லி, காபியில் நனைத்த ரஸ்க், ஐஸ்கிரீம் இவையெல்லாம் கிட்டத்தட்ட திரவம். நிற்காமல் இறங்கிவிடும். கோழி 80 கிராமில் போதும் என்று கை கழுவுகிறவர், அதே வயிற்றோடு தயிர்சாதம் 300 கிராம் சாப்பிட முடிவது இதனால்தான். பைபாஸில் கீழ்வாசலே வழியில் இல்லை. அங்கே சின்னப் பையும் குடலோடு இணைத்த குறுகிய வாயும்தான் தடுப்பு. அந்த வாயைக் குழைந்த சோறு இன்னும் சுலபமாகத் தாண்டும்.

இதற்குள் ஒரு பொறி இருக்கிறது. "கறி, சப்பாத்தி எதுவும் இறங்க மாட்டேங்குது, அடைக்குது, வாந்தி வருது" என்று சொல்லி மெல்லமெல்லக் குழைந்த சாப்பாட்டுக்கு மாறியவர்கள் நிறையப் பேர். வாந்தி நிற்கும், எடை ஏறும். காரணம் அவசரமாகச் சாப்பிடுவதாக இருந்தால் பழக்கத்தால் சரியாகும். ஆனால் ஸ்லீவில் ஒரு இடம் சுருங்கியிருந்தாலோ முறுக்கிக்கொண்டிருந்தாலோ, பைபாஸில் இணைப்பு வாய் குறுகியிருந்தாலோ எவ்வளவு மென்றாலும் சரியாகாது. மெதுவாக, நன்றாக மென்று இரண்டு வாரம் முயன்றும் கெட்டியான உணவு இறங்கவில்லை என்றால் எண்டோஸ்கோபி பார்க்க வேண்டும். எடை ஏறியவருக்கு அடைப்பு இருக்க முடியாது என்று முடிவு கட்டிவிடக் கூடாது.

இரண்டு மணி நேரப் பசி: சாப்பிட்டு ஒன்றிலிருந்து மூன்று மணி நேரத்தில் கை நடுக்கம், வியர்வை, படபடப்பு, இனிப்பு உடனே வேண்டும் போல ஒரு வெறி. இது பின்தங்கிய டம்பிங்காக, அதாவது சாப்பாடு குடலில் வேகமாகக் கொட்டியதன் தாமதமான விளைவாக இருக்கலாம். படி 6-இல் பார்ப்போம்.

இரவுச் சாப்பாடும் கட்டுப்பாடு இழப்பும்: அளவு சின்னதுதான், ஆனால் நிறுத்த முடியவில்லை, யாரும் பார்க்காத நேரம் பார்த்து நடக்கிறது, பிறகு வெட்கம். இதற்கு உணவு அட்டவணை எழுதிக் கொடுத்துப் பயனில்லை. மனநல ஆலோசகரிடம் போக வேண்டிய விஷயம்.

மருந்து, ஹார்மோன்: இன்சுலின், கிளிமெப்பிரைடு வகைச் சர்க்கரை மாத்திரை, ஸ்டீராய்டு, அமிட்ரிப்டிலின், மிர்டசபின், ஒலான்சபின், வால்ப்ரோயேட் எல்லாம் எடையைக் கூட்டக் கூடியவை. சமீபத்தில் புதிதாகச் சேர்ந்த மாத்திரை எது என்று சீட்டை எடுத்துப் பாருங்கள். நீங்களாக நிறுத்த வேண்டாம், மாற்று உண்டா என்று எழுதிக் கொடுத்தவரிடம் கேளுங்கள்.

மது: ஸ்லீவிலும் பைபாஸிலும் மது வேகமாக ரத்தத்தில் ஏறும், போதையும் சீக்கிரம் வரும். பைபாஸ் செய்தவர்களில் இரண்டாம் ஆண்டிலிருந்து மதுப் பழக்கம் சிக்கலாவது கூடுகிறது என்பது ஆய்வுகளில் தெரிந்த விஷயம். கலோரியைவிட இதுதான் பெரிய கவலை.

படி 4: தட்டை மாற்றுங்கள்

இலக்கு ஒரு நாளைக்குக் குறைந்தது 60 கிராம் புரோட்டீன், பலருக்கு 70-80. சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் மருத்துவரைக் கேட்டு வைத்துக்கொள்ள வேண்டும். நம் சாப்பாட்டில் இது தானாக வராது. மூன்று இட்லியில் 6 கிராம் அளவே இருக்கும். ஒரு தட்டு ரசம் சாதத்தில் அதற்கும் கீழே. ஒரு முட்டை 6 கிராம். சமைத்த மீனோ கோழியோ 80 கிராமில் 18-லிருந்து 24. பன்னீர் 100 கிராமில் 18. மீல்மேக்கர் உலர்ந்ததாக 25 கிராமில் 13. வேகவைத்த கொண்டைக்கடலை 75 கிராமில் 6. தயிர் 100 கிராமில் 3.

வேர்க்கடலையை நல்லது என்று சொல்லி வாங்கிவைப்பார்கள். 100 கிராமில் 25 கிராம் புரோட்டீன் உண்மைதான், கூடவே 560 கலோரிக்கு மேல். அளந்து 20 கிராம் என்றால் சரி, டப்பாவோடு வேண்டாம்.

ஒரு நாள் இப்படி இருக்கலாம்:

காலை 6.30: சர்க்கரை இல்லாத காபி, 100 மில்லி பால்.
8.30: இரண்டு அவித்த முட்டை, ஒரு இட்லி, பருப்பு கெட்டியாக உள்ள சாம்பார் நாலு ஸ்பூன்.
11.00: உப்பு போட்ட நீர்மோர் 200 மில்லி. இது குடிக்கும் கணக்கு.
மதியம் 1.00: குழம்பு மீன் அல்லது கிரில் செய்த கோழி 80 கிராம், பாசிப்பருப்புக் கூட்டு 100 கிராம், பொரியல் 70 கிராம், கடைசியில் சோறு 50 கிராம்.
4.30: சுண்டல் 75 கிராம்.
இரவு 7.30: சின்ன பெசரட்டு ஒன்று, பன்னீர் புர்ஜி 75 கிராம், காய்.

கூட்டினால் 65 கிராம் அளவு வரும். சைவமாக இருந்தால் காலை முட்டைக்குப் பதில் 40 கிராம் பச்சைப்பயறு ஊறவைத்து அரைத்த பெசரட்டும் 40 கிராம் பன்னீரும், மதியம் மீனுக்குப் பதில் மீல்மேக்கரும். அப்படிச் செய்தாலும் 55-60-இல்தான் நிற்கும். சைவக்காரர்களுக்கு வே புரோட்டீன் (பாலிலிருந்து எடுக்கும் புரோட்டீன் பொடி) ஒரு ஸ்கூப், தண்ணீரிலோ மோரிலோ கலந்து, கிட்டத்தட்ட கட்டாயம் என்றே சொல்லலாம். அதை வாழைப்பழம், பேரீச்சை, தேன் போட்டு மில்க்ஷேக் ஆக்கினால் வந்த காரியம் கெட்டது.

தட்டில் என்ன இருக்கிறது என்பதைப் போலவே எதை முதலில் எடுக்கிறீர்கள் என்பதும் முக்கியம். வரிசை: புரோட்டீன், பிறகு காய், மிச்சம் இடம் இருந்தால் சோறு. நம் வழக்கம் இதற்கு நேர் எதிர். சோற்றை நடுவில் குவித்து மற்றதைத் தொட்டுக்கொள்கிறோம். அதனால் முதல் இரண்டு வாரம் சோற்றைத் தட்டிலேயே போடாதீர்கள். தனிக் கிண்ணத்தில் 50 கிராம் எடுத்து எட்ட வையுங்கள். கோழியும் கூட்டும் முடிந்தபின் கிண்ணத்தை இழுங்கள். பாதி நாள் இழுக்கவே தோன்றாது.

மொத்தத் தட்டு ஒரு வருடத்துக்குப் பிறகு 200 முதல் 250 மில்லி கொள்ளளவு. 18 சென்டிமீட்டர் டிபன் தட்டு போதும். இருபதிலிருந்து முப்பது நிமிடம் எடுத்துக்கொள்ளுங்கள். பத்து நிமிடத்தில் முடிந்தால் அளவு தவறும், ஒரு மணி நேரம் இழுத்தால் அதுவும் கொறித்தல்தான். நிறுத்த வேண்டிய சைகையை வயிறு சொல்லும்: நெஞ்சுக்குழியில் அழுத்தம், ஒரு விக்கல், சிலருக்கு மூக்கில் நீர் வடிதல், தும்மல். அதன்பின் ஒரு வாய் வைத்தாலும் வலியோ வாந்தியோதான்.

தண்ணீர்: சாப்பாட்டுக்கு முன் 15 நிமிடம், பின் 30 நிமிடம் வேண்டாம். சோற்றை ரசத்தாலும் தண்ணீராலும் தள்ளித்தள்ளி இறக்கினால் கெட்டியான உணவும் வழுக்கும் உணவாகிவிடுகிறது. இடைப்பட்ட நேரத்தில் சிறுசிறு மடக்காக ஒன்றரை லிட்டருக்குக் குறையாமல். தாகத்தைப் பசி என்று நினைத்துக் கொறிப்பவர்கள் நிறைய. இளநீர், பழச்சாறு, கரும்புச்சாறு இந்தக் கணக்கில் சேராது.

படி 5: கொறிப்பதை அடைப்பது

மன உறுதியை நம்பாதீர்கள், அலமாரியை நம்புங்கள். மிக்சரும் பிஸ்கட்டும் பிள்ளைகளுக்கு வேண்டுமென்றால் சின்னப் பொட்டலமாக வாங்கி, உங்கள் கைக்கு எட்டாத இடத்தில் வேறொருவர் பொறுப்பில் வையுங்கள். சாப்பிடும் நேரம் நாலு அல்லது ஐந்து, இடையில் மூன்று மணி நேரம். எதுவானாலும் தட்டில் போட்டு, உட்கார்ந்து. நின்றுகொண்டு வாயில் போடுவது எதுவும் கிடையாது என்று ஒரே ஒரு விதி வைத்துக்கொண்டாலே சமையலறை ருசிபார்த்தல், மிச்சத் தோசை எல்லாம் விழுந்துவிடும். உப்புப் பார்க்க ஒரு டீஸ்பூன் நுனி போதும். மிச்சம் ஃபிரிட்ஜுக்குப் போகட்டும், இல்லையென்றால் குப்பைக்குப் போகட்டும். உங்கள் வயிறு இரண்டுமல்ல.

மாலை நாலு முதல் ஏழு வரைதான் மிகக் கடினமான நேரம். ஆபீஸிலிருந்து வந்ததும் பஜ்ஜிக் கடை வாசனை. அதனால்தான் மேலே 4.30-க்குச் சுண்டல் இருக்கிறது. அதை எடுத்துவிட்டு "சாயங்காலம் ஒன்றும் சாப்பிட மாட்டேன்" என்று வீரம் காட்டுகிறவர்கள் ஆறரைக்குத் தோற்றுப்போகிறார்கள்.

கல்யாணப் பந்தி: கிளம்புவதற்கு முன் வீட்டில் ஒரு முட்டையோ பன்னீரோ சாப்பிட்டுவிடுங்கள். இலையில் பருப்பு, கூட்டு, பொரியல் முதலில். சோறு பரிமாறுபவரிடம் கையை இலைமேல் மறைத்து "கொஞ்சம் போதும்ணே" என்று சொன்னால் யாரும் கோபித்துக்கொள்ள மாட்டார்கள். பாயசம் ஸ்லீவ் ஆனவர்களுக்குக் கடைசியில் இரண்டு ஸ்பூன். பைபாஸ் ஆனவர்கள் தொடாமல் இருப்பதே நல்லது, மண்டபத்திலேயே டம்பிங் வந்தால் படுக்க இடம் தேடணும்.

"பை சுருங்க ஐந்து நாள் திரவ டயட்" என்று இணையத்தில் சுற்றுவதைப் பற்றி ஒரு வரி. திரவத்தில் இருந்தால் இரைப்பை சுருங்காது. குறைகிற இரண்டு கிலோவில் பெரும்பகுதி நீர், ஆறாம் நாள் பசி இரட்டிப்பாகும். ஒரே வேளைச் சாப்பாடு, நீண்ட விரதம் எல்லாம் புரோட்டீன் கணக்கைக் கெடுத்துவிடும், அறுவை ஆனவர்களுக்கு ஒத்துவராது.

படி 6: டம்பிங் சுழலை வெட்டுங்கள்

சாப்பிட்ட அரை மணிக்குள் வயிற்றுப் புரட்டல், பேதி, படபடப்பு வந்தால் அது உடனடி டம்பிங். இனிப்பும் மாவும் குடலில் திடீரென்று கொட்டுவதால் வருவது, தானாக அடங்கும். எடைக்கு எதிரி இரண்டாவது வகையான பின்தங்கிய டம்பிங். சர்க்கரை வேகமாக ஏறி, இன்சுலின் அளவுக்கு மீறிச் சுரந்து, ஒன்றிலிருந்து மூன்று மணி நேரத்தில் ரத்தச் சர்க்கரை சரிகிறது. நடுக்கம் வந்ததும் ஒரு லட்டு. அடங்கும். அந்த லட்டே அடுத்த சரிவுக்கு வித்து. நாலைந்து சுற்று ஓடினால் ஒரு நாளைக்கு ஐந்நூறு கலோரி கூடுவது பெரிய விஷயமே இல்லை.

நடுக்கம் வரும்போது குளுக்கோமீட்டரில் பாருங்கள். 70-க்குக் கீழே என்றால் மூன்று டீஸ்பூன் குளுக்கோஸ் தண்ணீரில் கலந்து குடித்து, 15 நிமிடம் கழித்து மறுபடி பார்த்து, ஏறியபின் ஒரு முட்டையோ கொஞ்சம் பன்னீரோ சாப்பிடுங்கள். புரோட்டீன் இல்லாமல் குளுக்கோஸ் மட்டும் எடுத்தால் சுழல் தொடரும். 54-க்குக் கீழே போனாலோ, மயக்கம் வந்தாலோ, வண்டி ஓட்டும்போது வந்தாலோ மருத்துவரிடம் சொல்லியே ஆக வேண்டும், இதற்கு மருந்து உண்டு. 70-க்கு மேல் இருந்தால் அது சர்க்கரைச் சரிவு அல்ல, இனிப்பால் அடக்காதீர்கள்.

தடுப்பது மறுபடியும் தட்டில்தான்: ஒரு வேளைக்கு மாவுச்சத்து 30 கிராமைத் தாண்டாமல், எப்போதும் புரோட்டீனுக்குப் பின்னால். பைபாஸ் ஆனவர்கள் சர்க்கரைப் பரிசோதனைக்கு லேபில் குளுக்கோஸ் தண்ணீர் குடிக்கச் சொன்னால், கர்ப்பகாலத்திலும்கூட, அறுவையைச் சொல்லி வேறு முறை கேளுங்கள்.

படி 7: தசை

எடை இறங்கியபோது கொழுப்போடு தசையும் போயிருக்கும். உடம்பு ஓய்வில் எரிக்கும் கலோரியும் அதோடு இறங்கியிருக்கும். நடை நல்லது, வாரம் 150 நிமிடத்திலிருந்து 300-க்குக் கொண்டுபோகலாம், ஆனால் நடை மட்டும் தசையைத் திரும்பக் கொடுக்காது. வாரம் மூன்று நாள், கையில்லாத நாற்காலியில் உட்கார்ந்து எழுவது பத்து முறை, சுவரில் கையூன்றித் தண்டால் பத்து, தண்ணீர் நிரப்பிய ஒரு லிட்டர் பாட்டிலோடு கை மடக்குவது பக்கத்துக்குப் பத்து. மூன்று சுற்று. சுலபமாகிவிட்டால் எடையைக் கூட்டுங்கள், எண்ணிக்கையை அல்ல.

படி 8: மாத்திரையும் ரத்தப் பரிசோதனையும்

இரண்டாம் வருடத்தில் மாத்திரையை நிறுத்திவிடுவது எடை ஏறுவதோடு கூடவே வரும் பழக்கம். இரும்பும் பி12-ம் குறைந்த உடம்பு சோர்ந்து கிடக்கும், சோர்ந்த உடம்பு நடக்காது, இனிப்பும் காபியும் தேடும். ஆயுள் முழுக்க வேண்டியவை: மல்டிவிட்டமின், கால்சியம் சிட்ரேட் ஒரு நாளைக்கு 1,200 முதல் 1,500 மில்லிகிராம், ஒரு தடவைக்கு 500-600-க்கு மேல் இல்லாமல் பிரித்து, விட்டமின் டி, பி12 மாத்திரையாக தினமும் 350 முதல் 1,000 மைக்ரோகிராம் அல்லது மாதம் ஒரு 1,000 மைக்ரோகிராம் ஊசி, இரும்பு. மாதவிடாய் வரும் பெண்களுக்கு இரும்பு 45 முதல் 60 மில்லிகிராம். கால்சியத்துக்கும் இரும்புக்கும் இடையில் இரண்டு மணி நேரம், தைராய்டு மாத்திரைக்கும் இவற்றுக்கும் நாலு மணி நேரம் இடைவெளி விடுங்கள். இரும்பைக் காபியோடு விழுங்கினால் பாதி வீண்.

வருடம் ஒருமுறை பார்க்க வேண்டியவை: ரத்த எண்ணிக்கை, ஃபெரிட்டின் (இரும்புச் சேமிப்பு), பி12, ஃபோலேட், விட்டமின் டி, பாராதைராய்டு ஹார்மோன், அல்புமின் (ரத்தப் புரோட்டீன்), டி.எஸ்.எச். (தைராய்டு), எச்.பி.ஏ.1சி (மூன்று மாதச் சர்க்கரைச் சராசரி). முடி கொட்டுகிறது என்று பயோட்டின் சாப்பிடுகிறீர்களா? அது சில லேப் முறைகளில் டி.எஸ்.எச். அளவைப் பொய்யாகக் குறைத்துக் காட்டி, உண்மையான தைராய்டு குறைவை மறைத்துவிடும். ரத்தம் கொடுப்பதற்கு இரண்டு மூன்று நாள் முன்பே நிறுத்துங்கள்.

படி 9: மூன்று மாதத்தில் இறங்கவில்லை என்றால்

மருத்துவரிடம் போங்கள். கையோடு எடுத்துப்போக வேண்டியவை: நோட்டு, எடைப் பட்டியல், பரிசோதனை முடிவுகள், முக்கியமாக அறுவையின் டிஸ்சார்ஜ் சம்மரி. எந்த வகை அறுவை, பைபாஸ் என்றால் எத்தனை சென்டிமீட்டர் குடல் தாண்டப்பட்டது என்பது அதில் இருக்கும். இல்லையென்றால் செய்த மருத்துவமனையிலிருந்து அறுவைக் குறிப்பைக் கேட்டு வாங்குங்கள். வேறு டாக்டரிடம் போவதாக இருந்தால் இது இல்லாமல் அவரால் உறுதியாக எதுவும் சொல்ல முடியாது.

மருத்துவர் வழக்கமாக எண்டோஸ்கோபியும், தேவையென்றால் பேரியம் எக்ஸ்ரேயோ சி.டி.யோ பார்ப்பார். ஸ்லீவின் மேல்பகுதி பையாக விரிந்திருக்கிறதா, பைபாஸில் பை பெரிதாகிவிட்டதா, இணைப்பு வாய் இரண்டு சென்டிமீட்டரைத் தாண்டி அகன்றுவிட்டதா என்பது தெரியும். எல்லாம் சரியாக இருந்தால் மறு அறுவை கேட்டு அடம்பிடிக்காதீர்கள். சரியாக இருக்கும் பையை மறுபடி வெட்டுவதால் கொறித்தல் நிற்காது.

பசி நிஜமாகவே திரும்பியவர்களுக்கு ஊசி மருந்துகள் இப்போது உண்டு. டிர்செபடைடு இந்தியாவில் 2025 மார்ச்சில் மௌஞ்சாரோ என்ற பெயரிலும், எடைக்கான செமாக்ளூடைடு அதே ஆண்டு ஜூனில் வெகோவி என்ற பெயரிலும் வந்தன. அறுவைக்குப் பிறகும் இவை வேலை செய்கின்றன. ஆனால் ஏற்கெனவே கொஞ்சமாகச் சாப்பிடுகிறவருக்குப் பசியை மேலும் அடக்கினால் முதலில் விழுவது புரோட்டீன். ஆகவே 60 கிராம் கணக்கு கைவந்த பிறகுதான் ஊசி, அதுவும் மருத்துவர் எழுதிக் கொடுத்து, குறைந்த அளவில் தொடங்கி. நிறுத்தினால் எடை திரும்ப ஏறும் வாய்ப்பு அதிகம் என்பதையும், மாதச் செலவையும் முன்கூட்டியே பேசிக்கொள்ளுங்கள்.

இணைப்பு வாய் அகன்றவர்களுக்கு எண்டோஸ்கோபி வழியாகவே தையல் போட்டோ, ஆர்கான் பிளாஸ்மா என்ற சூடான வாயுவால் சுட்டோ குறுக்கலாம். ஸ்லீவ் ஆனவர்களை பைபாஸுக்கு மாற்றலாம். புளித்த ஏப்பமும் நெஞ்செரிச்சலும் கூடவே இருந்தால் ஒய் வடிவ பைபாஸுக்கு மாறுவது எடைக்கும் நெஞ்செரிச்சலுக்கும் சேர்த்தே உதவும். இதை முதல் அறுவை தோற்றதாக எடுத்துக்கொள்ள வேண்டியதில்லை. ஸ்லீவ் என்பதே மிக அதிக எடை உள்ளவர்களுக்கு இரண்டு கட்டமாகச் செய்த பெரிய அறுவையின் முதல் கட்டமாகத்தான் தொடங்கியது. பலருக்கு முதல் கட்டமே போதுமானதாக இருந்ததால் தனி அறுவையானது.

மறு அறுவையில் கசிவு, ரத்தப்போக்கு ஆகியவற்றின் ஆபத்து முதல் முறையைவிடக் கூடுதல். இந்த வகை மறு அறுவைகள் எத்தனை செய்திருக்கிறார் என்று அறுவை நிபுணரிடம் நேராகக் கேளுங்கள், கேட்பதில் தப்பில்லை. சிகரெட் இருந்தால் அதற்கு முன்பே நிறுத்தியிருக்க வேண்டும், பைபாஸில் இணைப்பு வாயில் புண் வருவதற்குப் புகையும் புருஃபென், டைக்ளோஃபினாக் வகை வலி மாத்திரைகளும் பெரிய காரணம். பைபாஸுக்கு மாறியபின் சத்துகள் உறிஞ்சப்படுவது இன்னும் குறையும் என்பதால் படி 8-இல் உள்ள மாத்திரைப் பட்டியலைப் புதிதாக எழுதி வாங்கிக்கொண்டுதான் டிஸ்சார்ஜ் ஆக வேண்டும்.